வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயம்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் ஒதுங்கி நிற்கும். பெயின்ட் அடிப்பது, இஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது, வலை கட்டுவது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். வலையை உதறிப் போடும்போதுதான் அடிக்கயிற்றில் எத்தனை ஈயக்குண்டு தேய்ந்திருக்கிறது, எத்தனை அறுந்து போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கடையில் புதுசாக வாங்குவதா, காயலான் கடையில் பழைய ஈயம் வாங்கி நாமே உருக்கி வார்ப்பதா என்ற பேச்சும் அப்போதுதான் கிளம்பும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கல் கொட்டிய தூண்டில் வளைவுகளில் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிறவர்களுக்கும் இதே கேள்விதான். பாறை இடுக்கில் மாட்டிக்கொண்ட குண்டு திரும்பி வருவதில்லை. வாங்கி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று அவர்களும் ஈயத்தை உருக்கப் பார்க்கிறார்கள்.

ஈயம் உருக்குவதைப் பற்றி இணையத்தில் தேடினால், அமெரிக்காவில் வீட்டிலேயே துப்பாக்கிக்குத் தோட்டா வார்க்கிறவர்கள் எழுதியதுதான் முதலில் வந்து நிற்கும். அங்கே அது ஒரு பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான், அந்தப் பக்கம் நமக்கு வேலையில்லை. ஆனால் எந்தப் பழைய ஈயம் நல்லது, எது ஆபத்து என்று அவர்கள் கண்டுவைத்திருப்பது நமக்கும் உதவும். இரண்டு விஷயத்தில் மட்டும் அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு ஆன்டிமணி கலந்த கெட்டி ஈயம் வேண்டும். நமக்குக் கயிற்றில் வைத்து அழுத்தினால் மடங்கிப் பிடிக்கிற மெத்து ஈயம் வேண்டும். அப்புறம், அவர்களுக்கு வீட்டுக்குப் பின்னால் தோட்டமும் தனிக் கொட்டகையும் இருக்கும். நமக்கு ஒரே முற்றத்தில் நாலு குடித்தனம், மொட்டை மாடியில் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறு பக்கம் கருவாடு காய்கிறது.

முதலில் பேட்டரி. காயலான் கடையில் ஈயம் என்று கேட்டால் பெரும்பாலும் மூலையில் அடுக்கியிருக்கும் பழைய ஆட்டோ பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரியைத்தான் காட்டுவார்கள். தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கிறது, உள்ளே நிறைய ஈயம் இருக்கும் என்று தோன்றும். இருப்பது உண்மைதான். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி நம் அடுப்பில் உருகாது. பேட்டரியின் தகட்டில் சட்டம் மட்டும்தான் உலோகம். சட்டத்தின் கட்டங்களில் அப்பியிருப்பது ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும் சேர்ந்த பசை. அதை ஈயமாக மாற்ற ஆயிரம் டிகிரி உலையும் கரியும் வேண்டும். வீட்டு அடுப்பில் அது பொடியாகக் கொட்டிப் பறக்கும், அவ்வளவுதான். நம் கைக்கு வருவது மேலே இருக்கும் இரண்டு முனையும் உள்ளே இருக்கும் இணைப்புத் துண்டுகளும் கொஞ்சம் சட்டமும்தான்.

அது நஷ்டக் கணக்கு. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய வகைத் தகடுகளில் ஈயத்தோடு ஆன்டிமணியும் சிறிது ஆர்செனிக்கும் கலந்திருக்கும். இப்போது வரும் பராமரிப்பில்லாத பேட்டரிகளில் கால்சியம் கலக்கிறார்கள். இரண்டையும் ஒரே வாணலியில் போட்டு உருக்கி, மேலே வரும் கசடை வழித்துத் தரையில் கொட்டி, அதில் ஈரம் பட்டால் ஆர்சீன், ஸ்டிபீன் என்ற வாயுக்கள் கிளம்ப வழியிருக்கிறது. கொஞ்சமே மூச்சில் போனாலும் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ஆளைச் சாய்க்கக்கூடியவை இவை. கடலோர ஊரில் ஈரம் படாத தரை எங்கே இருக்கிறது? வருடக்கணக்கில் வீட்டில் தோட்டா வார்க்கிற அமெரிக்கர்களே பேட்டரித் தகட்டைத் தொடாதே என்கிறார்கள்.

பசைப் பொடி என்ன செய்யும் என்பதற்கு செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கரின் ஓரத்தில் இருக்கும் தியாரோய் சுர் மேர் என்ற கடலோரக் குடியிருப்பே போதும். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த இடத்தின் மண்ணிலிருந்து வீடுகளுக்குள் போன தூசியால் 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். அதுவும் கடலை ஒட்டிய நெருக்கமான குடியிருப்புதான்.

இவ்வளவுக்கும் மேல், 2022 ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். புது பேட்டரி வாங்கும்போது பழசைக் கொடுத்தால் கடையில் விலை கழித்துக்கொள்கிறார்கள். அந்தக் கழிவுத் தொகையில் வாங்குகிற குண்டு, அதே பேட்டரியை உடைத்து எடுக்கும் குண்டைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆகவே பேட்டரி வேண்டாம். இதில் இரண்டாவது யோசனையே எனக்கு இல்லை.

அடுத்தது சக்கரத்துக்குப் பேலன்ஸ் பார்க்கும்போது ரிம்மில் அடிக்கிற சின்னக் கட்டைகள். வீல் பேலன்சிங் கடையிலும் பெரிய பஞ்சர் கடையிலும் கழற்றியதை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். தெரிந்தவர் என்றால் சும்மாவே கொடுப்பார்கள், இல்லாவிட்டால் டீக்காசு. ஒரு காலத்தில் இதில் எல்லாமே ஈயமாக இருந்தது. ஐரோப்பாவில் 2005ல் கார் சக்கரங்களுக்கு ஈயக் கட்டையைத் தடை செய்தபின் துத்தநாகமும் இரும்பும் வந்துவிட்டன. இன்று நம் ஊர் டப்பாவிலும் மூன்றும் கலந்துதான் கிடக்கிறது, பிரிக்கத் தெரிந்தால்தான் பிரயோஜனம்.

பிரிப்பது கஷ்டமில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து ஓரத்தில் கடியுங்கள். ஈயம் என்றால் பற்கள் உள்ளே இறங்கி, புதுசாக வெட்டிய இடம் பளிச்சென்று தெரியும், கொஞ்ச நேரத்தில் மங்கும். துத்தநாகம் என்றால் பிளேயர் வழுக்கும், மெல்லிய கீறல்தான் விழும். இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். சிலவற்றில் துத்தநாகத்துக்கு ‘இசட்என்’, இரும்புக்கு ‘எஃப்இ’ என்று அச்சே இருக்கும். தரையில் போட்டால் ஈயம் மொத்தென்று விழும், துத்தநாகம் கிணுகிணுக்கும். ஸ்டிக்கர் ஒட்டிவரும் கட்டைகளில் பசையும் நுரைப்பட்டையும் இருப்பதால் உருக்கும்போது புகை நெடி தாங்காது, அவற்றைத் தனியே எடுத்துவிடுவது நல்லது.

துத்தநாகம் தெரியாமல் உள்ளே போய்விட்டால் என்ன? ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். சூட்டை 370க்குள் வைத்திருந்தால் துத்தநாகக் கட்டை உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம். தீயை ஏற்றிவிட்டால் அது கரைந்து மொத்தமும் கூழ் மாதிரி ஆகி அச்சின் மூலைக்குப் போகாது. ரிச்சி தெருவில் சூட்டை அளக்கிற கே வகைத் தெர்மோகப்பிள் கம்பியோடு மல்டிமீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. கண்மட்டத்தில் சூடு பார்க்கிறேன் என்பதற்கு அது எவ்வளவோ மேல்.

நல்ல ஈயக் கட்டையிலும் சுமார் 3 சதவீதம் ஆன்டிமணி இருக்கும். தூண்டில் நரம்பு கோர்க்கிற, ஓட்டை வைத்து வார்க்கிற குண்டுக்கு அது ஒரு குறையே இல்லை, பாறையில் அடிபட்டாலும் நசுங்காது. வலைக்கயிற்றில் மடித்து அழுத்துகிற ஈயத்துக்கு ஆகாது, மடிக்கும்போது விரியும்.

வலைக்காரர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வகை: ஈயத் தகடும் பழைய நிலத்தடிக் கேபிளின் ஈய உறையும். இது ஏறக்குறைய சுத்த ஈயம். நகத்தால் கீறினால் கோடு விழும், கையாலேயே வளைக்கலாம். பழைய கட்டடம் இடிக்கும்போது குழாயாகவும், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையை மாற்றும்போது சுவரிலிருந்து உரித்த தகடாகவும் காயலான் கடைக்கு வரும். தகட்டில் இன்னொரு வசதி: உருக்கவே வேண்டாம். கத்தரிக்கோலால் பட்டையாக வெட்டி, கயிற்றைச் சுற்றி உருட்டி, மரச்சுத்தியலால் ரெண்டு தட்டு. வேலை முடிந்தது. புகை இல்லை, கசடு இல்லை, அடுப்பு இல்லை. வீச்சுவலைக்கு ஒரே அளவில் மணி மணியாக வேண்டும் என்கிறவர்களுக்கு இது அழகாக இருக்காது. அழகுக்காக நெருப்பை மூட்ட வேண்டுமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

கேபிள் உறையில் ஒரு எச்சரிக்கை. தோண்டிய பள்ளத்திலிருந்து ராத்திரியில் இழுத்த கேபிளும் இதே கடைகளுக்குத்தான் வருகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317 ஆம் பிரிவில் குற்றம். பில் கேளுங்கள், இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். கேபிளின் உள்ளே பழைய எண்ணெய்க் காகிதம் இருந்தால் ஈயத்தை முழுக்க உரித்து, துடைத்து, காயவைத்த பிறகுதான் எடுத்துவர வேண்டும். கடைக்காரரே எரித்துத் தருகிறேன் என்றாலும் விடாதீர்கள்.

காயலான் கடையில் இன்னும் என்னென்னவோ கண்ணில் படும். ஈயச்சொம்பு கிடைத்தது, உருக்கலாமா என்று கேட்கிறார்கள். அது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும், கனமும் குறைவு. விலையோ பல மடங்கு. அதில் ரசம் வையுங்கள். ரேடியோக் கடைப் பற்றுக்கம்பியும் பாதிக்கு மேல் வெள்ளீயம்தான், அதைக் குண்டாக்குவது காசைக் கடலில் போடுவது.

ஒன்றை மட்டும் கையால் தொடாதீர்கள். கைக்கு மீறின கனத்தில் தடித்த ஈய உருளை, இரும்பு உறை, மேலே மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் சின்னம், அல்லது சின்னம் இருந்து சுரண்டப்பட்ட தடம். அது கதிரியக்கப் பொருளை வைக்கிற கூடாக இருக்கலாம். டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் 2010 ஏப்ரலில் கோபால்ட் 60 இருந்த கருவி ஒன்றை உடைத்தார்கள், பலர் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். அந்தக் கருவி ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து ஏலத்தில் வந்தது. எண்ணூர், மணலிப் பக்கம் ஆலைகளில் வெல்டிங்கை ஊடுருவிப் படம் பிடிக்கக் கதிரியக்கக் கருவிகள் புழங்குகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள், நல்ல கனமான ஈயமாயிற்றே என்று பேரம் பேசாதீர்கள்.

வாங்குவது, இல்லாமலே ஒப்பேற்றுவது

துறைமுகத்தைச் சுற்றி வலை, கயிறு, மிதவை விற்கும் கடைகளில் வார்த்த குண்டு கிலோ கணக்கில் கிடைக்கிறது. காயலான் கடை ஈயத்தைவிட விலை கூடுதல் என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. பழைய ஈயம் பத்து கிலோ வாங்கினால் கிளிப், அழுக்கு, கசடு போக நிச்சயம் பத்து கிலோ வராது. அச்சு, கேஸ், ஒரு முழு நாள் கூலி எல்லாம் அதன் மேல் ஏறும். ஒரு ஃபைபர் படகுக்காரர் ஒரு வலைக்கு ஈயம் மாற்ற வேண்டுமென்றால் கடையில் வாங்குவதே மலிவு. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தரம் மொத்தமாக வார்த்தால்தான் சொந்த வார்ப்பில் மிச்சம் தெரியும்.

தூண்டில் வளைவில் உட்காருகிறவர்களுக்கு ஈயமே தேவையா என்று யோசித்துப் பாருங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.34, இரும்பு 7.87. ஏதோ பெரிய வித்தியாசம் மாதிரி தெரியும். தண்ணீருக்குள் கணக்குப் பார்த்தால் கதை வேறு. 100 கிராம் ஈயம் கடல் தண்ணீரில் 91 கிராம் மாதிரி இழுக்கும், 100 கிராம் இரும்பு 87. நாலு கிராம்தான் வித்தியாசம்! சிமென்ட்தான் ஏமாற்றும், அது 56 கிராம் அளவுக்கு இளைத்துவிடும். இரும்பின் குறை எடையில் இல்லை, பருமனில் இருக்கிறது. அதே எடைக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக இடம் பிடிக்கும், நீரோட்டம் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும். வலையில் துரு கயிற்றை அறுக்கும் என்பதால் அங்கே இரும்பு எடுபடாது. ஆனால் எப்படியும் பாறையில் விடப்போகிற குண்டுக்குத் துரு பிடித்தால் என்ன? பைக் மெக்கானிக் கடையில் தூக்கிப்போடும் பழைய ஸ்பார்க் பிளக், பெரிய நட்டு, கம்பி வெட்டிய துண்டு, எதுவும் போதும். ஸ்பார்க் பிளக்கின் வாயிலேயே நரம்பு கட்ட வளைவு இருக்கிறது. பிரிட்டனில் ஆற்று அன்னங்கள் சின்ன ஈயக்குண்டை விழுங்கிச் சாகின்றன என்று 1987லேயே 28.35 கிராம் வரையிலான ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். மீன் பிடிப்பது அங்கே நின்றுபோகவில்லை.

உருக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

சூட்டுக்காயத்தைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், தூசியைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. உண்மையில் 400 டிகிரிக்குள் ஈயத்திலிருந்து ஆவி என்று பெரிதாக எழும்புவதில்லை, அது கொதிக்க 1749 டிகிரி வேண்டும். மேலே சாம்பல் நிறத்தில் படிகிற ஆடையும் அதை வழித்துத் தட்டும்போது பறக்கிற பொடியும்தான் உடம்புக்குள் போகிறது. கையில் ஒட்டி, பீடியில் ஒட்டி, டீ கிளாசின் விளிம்பில் ஒட்டி, சட்டையோடு வீட்டுக்குள் வந்து பிள்ளையின் கைக்குப் போகிறது. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் உடம்பு எடுத்துக்கொள்வதைப்போல நாலைந்து மடங்கைக் குழந்தையின் உடம்பு எடுத்துக்கொள்ளும். இரத்தத்திலிருந்து ஒன்றிரண்டு மாதத்தில் குறைந்தாலும் எலும்பில் பல வருடம் தங்கும், கர்ப்பத்தில் தாயின் எலும்பிலிருந்து கருவுக்கும் போகும். இதைவிடக் குறைந்தால் பாதுகாப்பு என்று சொல்லும் அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால் இடம்தான் முதல் கேள்வி. முற்றத்தில் வேண்டாம், சமையலறை வேண்டவே வேண்டாம், தண்ணீர்த் தொட்டியும் கருவாடும் இருக்கிற மாடியும் வேண்டாம். குழந்தைகள் புழங்காத திறந்த வெளி, காற்று முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். குறைந்தது மழை வராத நாள். அப்படி ஒரு இடம் இல்லையென்றால் தகட்டை வெட்டிச் சுற்றுவது அல்லது கடையில் வாங்குவது என்று முடிவை மாற்றிக்கொள்வதுதான் சரி. வடசென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில் இதுதான்.

பாத்திரம் வார்ப்பிரும்பாகவோ தடித்த எஃகாகவோ இருக்கட்டும். அலுமினிய வாணலி சூட்டில் வலுவிழந்து அடி கழன்றுவிடும். ஜி.ஐ. வாளியின் பூச்சு துத்தநாகம், அதன் புகையில் ராத்திரி குளிர் ஜுரம் வரும். ஒரு தரம் ஈயம் பட்ட கரண்டி மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது, கழுவிவிட்டேன் என்ற பேச்சே கூடாது.

ஈரம்தான் அந்த இடத்தின் எமன். தண்ணீர் நீராவியாகும்போது 1700 மடங்கு விரியும். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு போய்விட்டால் வாணலியில் இருப்பது முகத்துக்கு வரும். நெற்றியிலிருந்து விழும் வேர்வை மேற்பரப்பில் சுர்ரென்று ஓடிக் காய்ந்துவிடலாம், ஈரக்கட்டையை உள்ளே அமுக்கினால் அப்படி விடாது. எனவே ஈயத் துண்டுகளை எல்லாம் குளிர்ந்த வாணலியிலேயே போட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். நடுவில் சேர்க்க வேண்டுமென்றால் வாணலி விளிம்பில் வைத்துச் சூடேற்றிய பிறகு சேர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் நசுக்கி மூடிய குழாய்த் துண்டை வெட்டித் திறக்காமல் போடாதீர்கள். அச்சும், கரண்டியும், இரவெல்லாம் கடல்காற்று குடித்திருக்கும், அடுப்போரம் வைத்து முதலில் காயவையுங்கள். முழுக்கை பருத்திச் சட்டை, கண்ணாடி, தோல் கையுறை, மூடிய செருப்பு. நைலான் உடம்போடு ஒட்டும். மூக்கில் கர்ச்சீப் கட்டுவது ஈயப்பொடிக்கு ஒன்றுமே இல்லை, தூசி வடிகட்டும் முகமூடி போட வேண்டும்.

ஈயம் உருகியதும் சிறிது மெழுகோ மரத்தூளோ போட்டுக் கிளறினால் அழுக்கு மேலே பிரிந்து வரும். சுத்த ஈயத்தின் மேல் நீலமும் பொன்னிறமும் ஓடினால் சூடு அதிகம், தீயைக் குறையுங்கள். வார்த்த குண்டு சுருக்கம் சுருக்கமாக வந்தால் அச்சு ஆறிக் கிடக்கிறது, உறைபனி பூத்ததுபோல் மங்கினால் அச்சு மிஞ்சிச் சூடாகிவிட்டது. இரண்டையும் மறுபடி வாணலியில் போட்டுக்கொள்ளலாம், நஷ்டமில்லை.

வேலை முடிந்ததும் விளக்குமாறால் பெருக்காதீர்கள், பொடி கிளம்பும். ஈரத்துணியால் துடையுங்கள், ஆனால் எல்லாம் நன்றாக ஆறிய பிறகு. கை முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெற்றிலை, பீடி, டீ எல்லாம். உடுத்திய துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது. அடிக்கடி வார்க்கிறவர்கள் தனியார் பரிசோதனைக் கூடத்தில் இரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்ளலாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். வயிற்றுவலி, மலச்சிக்கல், கை சோர்வு வந்தால் டாக்டரிடம் ஈய வேலை செய்கிறேன் என்று நீங்களேதான் சொல்ல வேண்டும், அவர் தானாகக் கேட்கமாட்டார்.

கசடை மணலில் புதைப்பதும் கால்வாயில் கொட்டுவதும் வழக்கமாக இருக்கிறது. மூடியுள்ள தகர டப்பாவில், காய்ந்த நிலையில், ‘ஈயக்கசடு’ என்று எழுதி ஒட்டிப் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். அதிலும் ஈயம்தான் இருக்கிறது. டப்பா நிறைந்ததும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குப் பொருள் அனுப்புகிற காயலான் கடையாகப் பார்த்து, உள்ளே இருப்பது என்னவென்று சொல்லிக் கொடுங்கள்.